கிங்ஸ் கிராஸ் சரக்கு நிலையம்: சுவர்கள் நின்றன, தண்டவாளங்கள் ஏன் நகர்ந்தன?

லண்டன் கிங்ஸ் கிராஸ் சரக்கு நிலையத்தின் 1850களின் வரைபடத்தையும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த நில அளவை வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். தானியக் கிடங்கின் சுவர்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் உள்ளே ஓடும் தடங்களும் பக்கத்துக் கொட்டகைகளும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன, கிடங்கின் முன்னால் இருந்த படகுத்துறை இன்று சதுக்கமாகிவிட்டது, மொத்தத்தில் மூன்று நான்கு தடவை மாற்றியிருப்பார்கள் என்கிறீர்கள். “முதலிலேயே ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தால் இவ்வளவு இடித்துக் கட்ட வேண்டியிருந்திருக்குமா?” என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு சரக்கு நிலையத்தின் அமைப்பை எது தீர்மானிக்கிறது? அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வி தானாகத் தீர்ந்துவிடும்.

ரயில்வேயின் வணிகப் பிரிவில், பெரும்பாலும் கூட்ஸ் ஷெட்டுகளில், அதாவது சரக்குக் கொட்டகைகளில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய யார்டுகளின், அதாவது தடங்களும் கொட்டகைகளும் நிறைந்த ரயில் வளாகங்களின், வரைபடங்களைப் படிப்பது நெடுநாள் ஈடுபாடு. கிங்ஸ் கிராஸ் மண்ணைத் தோண்டிப் பார்த்த தொல்லியலாளன் அல்ல. எனவே கட்டடங்களைப் பற்றி நான் சொல்வது பதிவானவை, இன்றும் நிற்பவை. வேலை எப்படி நடந்திருக்கும் என்று சொல்லும் சில இடங்கள் தொழில் அனுபவத்திலிருந்து நான் ஊகிப்பவை. எது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் திட்டம் மோசமானதல்ல. விக்டோரியா காலத்துச் சரக்கு நிலையங்களில் அதைப்போல யோசித்துக் கட்டியவை மிகக் குறைவு என்பதே என் கருத்து. இந்த நிலையத்தைக் கட்டிய கம்பெனியான கிரேட் நார்தர்ன் ரயில்வே 1850 ஆகஸ்டில் லண்டனுக்கு வந்தபோது ரீஜண்ட்ஸ் கால்வாய்க்கு வடக்கே, மெய்டன் லேனில், தற்காலிகப் பயணிகள் நிலையம் ஒன்றுதான் இருந்தது. இன்றைய கிங்ஸ் கிராஸ் பயணிகள் நிலையம் 1852 அக்டோபரில் திறந்தது. பயணிகள் பாதை கால்வாய்க்கு அடியில் சுரங்கத்தில் புகுந்து தெற்கே போகிறது. சரக்கு நிலையம் கால்வாய்க்கு வடக்குப் பக்கமே, மேல்மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. இது தற்செயல் அல்ல. சரக்குக்குத் தேவைப்பட்டது தண்ணீர். 1820 முதல் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கால்வாய் லைம்ஹவுஸ் வழியாகத் தேம்ஸ் நதியையும் துறைமுகங்களையும் தொட்டது. ரயிலில் வந்த சரக்கு படகேறிப் போக வேண்டும், படகில் வந்தது ரயிலேற வேண்டும். பயணிகள் நிலையத்தை வடிவமைத்த லூயிஸ் கியூபிட்டே தானியக் கிடங்கையும் வடிவமைத்தார். பொறியியல் பொறுப்பு ஜோசப் கியூபிட்டிடம் இருந்தது.

உங்களிடம் உள்ள பழைய படத்தில் முதலில் பார்க்க வேண்டியது திசை. கிடங்கும் அதன் பின்னால் வடக்கே நீளும் கொட்டகைகளும் பக்கத்துச் சாலைக்கு இணையாக இல்லை, கால்வாய்க்கும் முழுதாக இணையாக இல்லை. ரயில்கள் வடக்கிலிருந்து வெளிவரும் கோப்பன்ஹேகன் சுரங்கத்தின் அச்சில் அவை நிற்கின்றன. சுரங்க வாயிலில் ஒரு கோலை நீட்டிக் கட்டடத்தை அதன் முனையில் வைத்ததுபோல் இருக்கும். முன்னால் ஆறு மாடித் தானியக் கிடங்கு, சுமார் 50 மீட்டர் அகலம், 30 மீட்டர் ஆழம். அதன் பின்னால் இருபுறமும் 180 மீட்டர் நீளமுள்ள இரண்டு சரக்கு மாற்றுக் கொட்டகைகள். நடுவில் வேகன்களைக் கோத்து ரயிலாக்கும் கொட்டகை. கிழக்குக் கொட்டகை வரும் சரக்குக்கு, மேற்குக் கொட்டகை போகும் சரக்குக்கு. இங்கிலாந்தில் ரயில்கள் இடப்பக்கம் ஓடுபவை. தெற்கு நோக்கி வரும் வண்டிக்கு இடப்பக்கம் கிழக்கு, வடக்கு நோக்கிப் புறப்படும் வண்டிக்கு இடப்பக்கம் மேற்கு. கொட்டகைகளின் பங்கீடு அதையொட்டியே அமைந்தது என்பது என் ஊகம். ஆனால் யார்டில் வேலை பார்த்த எவரும் அப்படித்தான் வரைந்திருப்பார்கள்.

ஒரு வேகன் உள்ளே எப்படி நகர்ந்தது என்று பாருங்கள், மீதியெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. லிங்கன்ஷயர் கோதுமை மூட்டைகளோடு வண்டி வந்து நிற்கிறது. எஞ்சின் வெளியிலேயே கழற்றப்படுகிறது. வைக்கோலும் சாக்கும் தானியத் தூசியும் நிறைந்த கூரைக்குள் தீப்பொறி கக்கும் எஞ்சினை விடமாட்டார்கள். அங்கிருந்து இழுப்பது குதிரை. சங்கிலியை வேகனின் பக்கவாட்டில் மாட்டுவார்கள். குதிரை தண்டவாளத்துக்கு நடுவில் நடக்காது, ஓரமாக நடக்கும், வேகன் வேகமெடுத்தால் அது விலகி நிற்க வேண்டுமே. வேகன் மெல்ல உருண்டு ஒரு சுழல்மேடையில் ஏறுகிறது. நான்கு சக்கர வேகன் ஒன்றை மட்டும் தாங்கும் வட்டமான இரும்புத் தட்டு அது. தடுப்புக் கொக்கியை எடுத்துவிட்டு ஆட்கள் தோள்கொடுத்துத் தள்ள, தட்டு கால் வட்டம் திரும்புகிறது, கொக்கி மறுபடி விழுகிறது. இப்போது வேகன் குறுக்குத் தடத்தில், கிடங்கை நோக்கி. உள்ளே ஹைட்ராலிக் விசையால் இயங்கும் தூக்கிகள் மூட்டைகளை மேல்தளங்களுக்கு ஏற்றுகின்றன. அறுபதாயிரம் மூட்டை கொள்ளும் கிடங்கு அது. காலியான வேகன் இன்னொரு சுழல்மேடை வழியாக நடுக் கொட்டகைக்குப் போய், வடக்கே புறப்படும் வண்டியில் கோக்கப்படுகிறது. இதற்கிடையில் தரைக்கு அடியில் படகுகள் நிற்கின்றன. கிடங்கின் முன்னால் இருந்த படகுத்துறையிலிருந்து நீர்ச்சுரங்கங்கள் கட்டடத்துக்கு அடியிலேயே நுழைந்தன. தரையில் இருந்த திறப்புகள் வழியாக ரயிலுக்கும் படகுக்கும் இடையில் நேராகவே சரக்கு கைமாறியது.

சுழல்மேடைகளை வரிசையாகப் போட்டதன் அருமை என்னவென்றால், நீண்ட வண்டியின் நடுவிலுள்ள ஒரே ஒரு வேகனை மட்டும் பக்கவாட்டில் உருவி எடுத்துவிடலாம். பாயின்ட் (ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டியைத் திருப்பும் கிளைத் தண்டவாளம்) போட்ட யார்டில் அதே வேலைக்கு முன்னாலுள்ள அத்தனை வேகன்களையும் இழுத்து, பிரித்து, மறுபடி தள்ள வேண்டும். அதற்கு நீளமான இடமும் எஞ்சினும் வேண்டும். மிகக் குறைந்த நிலத்தில் குதிரையையும் ஆட்களையும் வைத்து வேலையை முடிக்கச் சுழல்மேடைதான் வழி. உங்கள் 1850களின் படத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரியும் வட்டங்கள் இவைதான்.

பிறகு என்ன மாறியது? நான் புரிந்துகொண்டவரை, வேகனை எது நகர்த்துகிறது என்பதும், சரக்கை அடுத்து யார் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதும் மாறின. சுவர்களுக்கு இந்த இரண்டும் பொருட்டல்ல, தடங்களுக்கு இவைதான் எல்லாம். அதனால்தான் உங்கள் இரண்டு படங்களிலும் சுவர்கள் ஒன்றாகவும் தடங்கள் வேறாகவும் இருக்கின்றன.

நகர்த்தும் விசையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1840களின் நடுவில் நீரின் அழுத்தத்தால் இயங்கும் கிரேனை உருவாக்கி, 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் முறையையும் கொண்டுவந்தார். அதன்பின் விக்டோரியா காலத்துப் பெரிய சரக்கு நிலையங்களில் தரையிலிருந்து முளைத்து நிற்கும் கேப்ஸ்டன்கள் பரவின. சுழலும் உருளையில் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி, மிதிகட்டையை அழுத்தினால் வேகன் வரும். குதிரை நடக்க வழி வேண்டும், திரும்ப இடம் வேண்டும். கேப்ஸ்டனுக்கு அது வேண்டாம், ஆனால் கயிறு நேர்கோட்டில் போக வேண்டும். இதனால் தடங்களின் வளைவும் மேடைகளின் ஓரமும் மாறுகின்றன. வேகன்களும் காலப்போக்கில் நீண்டன, கனத்தன. ஐந்தாறு டன் ஏற்றிய குட்டையான வேகனுக்காகச் செய்த சுழல்மேடையில், அச்சுகளுக்கிடையே தூரம் கூடிய வேகன் அடங்காது. எங்கெல்லாம் இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் சுழல்மேடை போய்ப் பாயின்ட் வந்தது. குதிரைகள் உடனே போய்விடவில்லை. ஊருக்குள் சரக்கை விநியோகிப்பதும் அவைதானே. மேற்குக் கொட்டகையின் மேடைகளுக்கு அடியிலேயே லாயங்கள் இருந்தன, அவற்றின் தடயங்கள் இன்றும் இருக்கின்றன. மேலே மூட்டை, கீழே குதிரை. இடத்தை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்திய அமைப்பு எனக்கு இன்றும் வியப்பு.

அடுத்தது வாங்கிப் போகிறவர். இங்கே நிலக்கரியைச் சொல்லியே ஆக வேண்டும். கோதுமை கிடங்குக்குப் பெயர் வாங்கித் தந்தாலும், யார்டின் நிலத்தை விழுங்கியது நிலக்கரிதான். லண்டனுக்குக் காலங்காலமாக நிலக்கரி கடல் வழியே கப்பலில்தான் வந்தது. ரயில் வந்ததும் யார்க்ஷயர் சுரங்கங்களின் கரி நேரே வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கியது. 1851-ல் கட்டிய கிழக்கு நிலக்கரி இறக்கத்தைப் படத்தில் பாருங்கள். உயரத்தில் ஓடும் தடம், அதில் வேகன். வேகனின் அடிப்பலகை திறந்தால் கரி இடைத்தளத்துத் தொட்டிகளில் விழும். அங்கே சாக்கில் பிடித்து, கீழே நிற்கும் குதிரை வண்டிகளில் ஏற்றுவார்கள். ஈர்ப்பு விசையே கூலியாள். போதாமல் 1859-60 வாக்கில் மேற்கே இன்னொரு இறக்கம் வந்தது. கால்வாயின் தெற்குப் பக்கத்தில் 1866-ல் சாமுவேல் பிளிம்சால் தனியாக ஒன்று அமைத்தார். கப்பலில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதைத் தடுக்கப் போராடி, கப்பல் பக்கத்தில் இன்றும் வரையப்படும் சுமைக்கோட்டுக்குத் தன் பெயரைத் தந்த அதே பிளிம்சால்தான். அதற்குமுன் அவர் நிலக்கரி வியாபாரி.

ஏன் ஒரே இறக்கத்தைப் பெரிதாக்காமல் தனித்தனியாகக் கட்டினார்கள்? தொடக்கத்தில் கிரேட் நார்தர்ன் ரயில்வே தானே நிலக்கரி வாங்கி விற்றது. 1860-ல் நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. அதன்பின் யார்டில் பல வியாபாரிகள். ஒருவர் கரி இன்னொருவர் கரியோடு கலக்கக்கூடாது, ஒவ்வொருவருக்கும் தனித் தொட்டி, தனி வண்டிப் பாதை, தனிக் கணக்கு. கூட்ஸ் ஷெட்டில் இருந்தவனுக்கு இது உடனே புரியும்: சரக்கின் அளவு இரட்டிப்பானால் இருக்கும் இடத்திலேயே எப்படியாவது சமாளித்துவிடலாம். சரக்குக்காரர்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் அமைப்பையே மாற்ற வேண்டும். கிங்ஸ் கிராஸில் நிலக்கரி இடங்கள் சிதறியதில் நீதிமன்ற ஆணைக்கு எவ்வளவு பங்கு, வெறும் நெரிசலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்து நிறுவ முடியாது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன என்பது மட்டும் உறுதி.

நெரிசலுக்கு இன்னொரு காரணம் விருந்தாளி. மிட்லண்ட் ரயில்வேக்கு லண்டனுக்குச் சொந்தப் பாதை இல்லாததால் 1858 முதல் ஹிட்சின் வழியாகக் கிரேட் நார்தர்ன் தடத்தில்தான் வந்தது. தற்காலிகப் பயணிகள் நிலையத்தையொட்டி முதலில் ரயில் பெட்டிகள் நிறுத்தக் கட்டிய ஒரு கொட்டகையைச் சரக்குக்காக அவர்களுக்குக் கொடுத்தார்கள். மிட்லண்ட் சரக்குக் கொட்டகை என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. 1862-ல் லண்டனில் சர்வதேசக் கண்காட்சி நடந்தபோது தடங்கள் அடைத்துக்கொண்டன. மிட்லண்டின் நிலக்கரி வேகன்களை அவை நிறுத்தியிருந்த ஓரத் தடங்களிலிருந்து வெளியேற்றும் அளவுக்குத் தகராறு முற்றியது. மிட்லண்ட் சொந்தப் பாதை போட்டு 1868-ல் செயின்ட் பான்கிராஸ் நிலையத்தைத் திறந்தது. காலியான இடமெல்லாம் மறுபடி கிரேட் நார்தர்ன் கைக்கு வந்தது. 1850களின் படத்துக்கும் 1870களின் படத்துக்கும் இடையில் கிழக்குப் பக்கம் முழுவதும் வேறாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். அந்தப் பகுதியிலேயே உருளைக்கிழங்குச் சந்தையும் வளர்ந்தது. 1888-ல் அங்கே ஹேண்டிசைட் நிறுவனத்தின் இரும்புக் கூரைகள் எழுந்தன.

பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 1860களில் தானியக் கிடங்கின் இருபுறமும் அலுவலகக் கட்டடங்கள் ஒட்டிக்கொண்டன. யார்டு என்றதும் எல்லாரும் தண்டவாளத்தையே பார்க்கிறார்கள், நான் முதலில் பார்ப்பது குமாஸ்தாக்களின் அறைகளை. 1842 முதல் கம்பெனிகளுக்கிடையே கணக்குத் தீர்க்க ஒரு பொது நிறுவனம் இருந்தது. ஒரு மூட்டை மூன்று கம்பெனிகளின் பாதையில் பயணித்தால் கூலியை மூன்றாகப் பங்கிட வேண்டும், வேகன் யாருடையது, எத்தனை நாள் தங்கியது என்று எழுத வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் வகைப்பாடு, ஒவ்வொரு வகைக்கும் கட்டணம். சரக்கு பெருகப் பெருகக் காகிதம் அதைவிட வேகமாகப் பெருகும். நம் ஊர்க் கூட்ஸ் ஷெட்டில் ஆர்.ஆர். (ரயில்வே ரசீது) எழுதி, டெமரேஜ் (வேகனைக் கெடு தாண்டி நிறுத்தினால் கட்டும் தாமதக் கட்டணம்) கணக்குப் பார்த்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பெரிய திருப்பம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. 1897க்கும் 1899க்கும் இடையில், நிலக்கரியும் கல்லும் கையாண்ட இன்னொரு பழைய படகுத்துறை இருந்த இடத்தில் புதிய மேற்குச் சரக்குக் கொட்டகையைக் கட்டினார்கள். போகும் சரக்கெல்லாம் அங்கே மாறியது. பழைய கொட்டகைத் தொகுதி வரும் சரக்குக்கு ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் மேற்கு நிலக்கரி இறக்கத்தின் தொட்டிகளைக் கழற்றிவிட்டு அதையும் சரக்குக் கொட்டகையாக்கினார்கள். மேல்தளத்துக்கு வண்டிகள் ஏறிவரப் பாலப் பாதையும் அமைத்தார்கள். கிழக்கு வரவு, மேற்கு செலவு, நடுவில் ரயில் கோப்பது என்ற கியூபிட்டின் ஒழுங்கு கலைந்தது இங்கேதான். உங்கள் 1890களின் படம் இந்த மாற்றத்துக்குச் சற்று முன்பா, பின்பா என்று முதலில் பாருங்கள். லண்டனின் பெரிய அளவு நில அளவைப் படங்கள் பல 1890களின் நடுவில் அளக்கப்பட்டவை. அப்படியானால் நீங்கள் பார்ப்பது பழைய அமைப்பின் கடைசி நிலை.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கு என் விளக்கம் இது. லண்டன் வியாபாரி பகல் முழுதும் விற்றுவிட்டு மாலையில் சரக்கை அனுப்புவான், வண்டி இரவில் புறப்பட்டு விடியுமுன் வடக்கே போய்ச் சேர வேண்டும். வரும் சரக்கு விடியற்காலையில் இறங்கிக் காலையிலேயே ஊருக்குள் போக வேண்டும். தொடக்கத்தில் இந்த இரண்டு அலைகளுக்கும் நடுவே போதிய இடைவெளி இருந்தது. அதே ஆட்கள், அதே குதிரைகள், அதே கூரை போதும். சரக்கு பெருகியதும் காலையின் வால் மாலையின் தலையைத் தொட்டுவிட்டது. அப்போது இரண்டையும் ஒரே கூரையிலிருந்து பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோப்பன்ஹேகன் சுரங்கத்துக்கு 1877-ல் இரண்டாவது குழாயும் 1886-ல் மூன்றாவது குழாயும் சேர்த்தார்கள் என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். சுரங்கத்தின் கழுத்து அகலமானதும் நெரிசல் யார்டுக்குள் இறங்கியது. சுரங்கங்களின் ஆண்டுகள் பதிவில் உள்ளவை. அவற்றுக்கும் 1897-ன் மாற்றத்துக்கும் நான் போடும் முடிச்சு என்னுடையது.

படகுத்துறை நிதானமாகச் செத்தது. துறைமுகங்களுக்கு ரயிலிலேயே போக வழி வந்தபின் படகின் தேவை குறைந்தது, அடியிலிருந்த நீர்ச்சுரங்கங்கள் மூடப்பட்டன, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறையையும் மண்ணிட்டு நிரப்பினார்கள். குதிரை வண்டிக்கும் பின்னர் லாரிக்கும் நின்று திரும்ப முற்றம் வேண்டியிருந்தது. நீங்கள் இன்று சதுக்கமாகப் பார்ப்பது அந்த முற்றத்தின் வாரிசு. கிடங்கில் 2011 முதல் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி நடக்கிறது. நிலக்கரி இறக்கங்கள் 2018-ல் கடைத்தெருவாகத் திறக்கப்பட்டன. 1897-99-ல் கட்டிய மேற்குச் சரக்குக் கொட்டகை இன்று இல்லை.

நீங்கள் சொன்ன “மூன்று நான்கு தடவை” என்ற எண்ணிக்கையை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அச்சான திட்டப்படங்கள் கட்ட நினைத்ததைக் காட்டுபவை. ஒவ்வொரு சுழல்மேடையும் வரைந்த இடத்திலேயே பதிக்கப்பட்டது என்று கொள்ள முடியாது. நில அளவைப் படங்களோ அளந்த நாளின் நிலையைக் காட்டுபவை. ஆனால் கூரைக்கு அடியில் போகும் தடங்களை எல்லாப் பதிப்புகளும் வரைவதில்லை. ஒரு படத்தில் கொட்டகைக்குள் ஆறு தடம், அடுத்ததில் வெற்றிடம் என்றால், பிடுங்கிவிட்டார்கள் என்று பொருளல்ல, வரையாமல் விட்டிருக்கலாம். கொட்டகை வாயிலுக்கு வெளியே எத்தனை தடம் உள்ளே நுழைகிறது என்று எண்ணுங்கள், அதுதான் நம்பத்தக்க சாட்சி.

ஒப்பிடும்போது ஓரத்துச் சாலைகளை வைத்துப் படங்களைப் பொருத்தாதீர்கள். கிடங்கின் தெற்குச் சுவரையும் கோப்பன்ஹேகன் சுரங்கத்தின் நடு வாயிலையும் நிலைப்புள்ளிகளாக வையுங்கள். கடைசிவரை நகராதவை அந்த இரண்டும்தான். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் லண்டனின் பெரிய அளவு நில அளவைப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1870களின் தாள் கிடைத்தால் அதையும் நடுவில் வைத்துப் பாருங்கள், மிட்லண்ட் போனபின் கிழக்குப் பக்கம் என்ன ஆனது என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். உங்களிடமுள்ள இரண்டு படங்களின் அளந்த ஆண்டையும் தாள் எண்ணையும் எழுதுங்கள், எந்தத் தடம் வரவுக்கு, எந்தத் தடம் செலவுக்கு என்று என்னால் முடிந்தவரை குறித்துத் தருகிறேன்.